ஹார்ட்டபீஸ்ட் என்றால் என்ன பொருள்? இரலைப் பெயர்களும் பழைய ஆங்கிலச் சொற்களும்: கேள்வி பதில்

ஹார்ட்டபீஸ்ட் என்ற விலங்கின் பெயருக்கு என்ன பொருள்?

'மான் மிருகம்'. அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மேயும் பெரிய இரலை (ஆங்கிலத்தில் 'ஆன்டிலோப்') இது. நீண்டு ஒடுங்கிய முகம், தூக்கிய தோள், பின்பக்கம் சரியும் முதுகு, உச்சந்தலையில் சேர்ந்து கிளம்பி வளைந்து பிரியும் கொம்புகள். 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக யான் வான் ரீபெக் ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் குடியேற்றத்தைத் தொடங்கினார். அங்கே வந்து இறங்கிய டச்சுக்காரர்களுக்குச் சொந்த ஊரில் தெரிந்த ஆண் மான் 'ஹெர்ட்'. இங்கே பார்த்தது கிட்டத்தட்ட அதைப்போல இருந்தது, ஆனால் அதுவும் இல்லை. 'ஹெர்ட்' என்பதோடு விலங்கைக் குறிக்கும் 'பீஸ்ட்' என்பதை ஒட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள். அது, அங்கே டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

அந்த டச்சு 'ஹெர்ட்'டுக்கு ஆங்கிலத்தில் கூடப்பிறந்த சொல் ஒன்று உண்டு: 'ஹார்ட்'. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'ஹெயோரோட்'. ஆகவே இந்த ஆப்பிரிக்க விலங்கின் பெயரைப் பிரித்துப் பார்ப்பவர் நேரே பழைய ஆங்கிலத்துக்குள் போய் நிற்பார்.

அறிவியல் பெயரும் இதே குழப்பத்தைத்தான் சொல்கிறது. இதன் பேரினப் பெயர் அல்செலாஃபஸ். எல்க் என்ற பெரிய மானின் பெயரையும் கிரேக்கத்தில் மானைக் குறிக்கும் 'எலாஃபோஸ்' என்பதையும் சேர்த்துச் செய்தது. மாலுமி வைத்தாலும் பேராசிரியர் வைத்தாலும் 'மான் மாதிரி ஒன்று' என்பதைத் தாண்டவில்லை.

இரலை என்றால் மான்தானே? ஏன் தனிப்பெயர்?

கொம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். மானின் கொம்பு வெறும் எலும்பு. கிளை கிளையாகப் பிரியும். ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். பெரும்பாலும் ஆணுக்கு மட்டும் உண்டு. துருவப் பகுதியின் ரெய்ன்டியரில் பெண்ணுக்கும் உண்டு. இரலையின் கொம்பில் உள்ளே எலும்பு, மேலே நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன உறை. கிளை கிடையாது, விழாது, வாழ்நாள் முழுக்க ஒரே கொம்பு. மாடும் ஆடும் இந்த இரண்டாவது வகை. ஆகவே குடும்ப உறவுப்படி இரலை மானைவிட மாட்டுக்குத்தான் நெருக்கம்.

சொல்லப்போனால் விலங்கியலில் 'இரலை' என்று ஒரு தனிப் பிரிவே கிடையாது. மாட்டுக் குடும்பத்திலிருந்து மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிச்சமிருப்பவற்றுக்கு வைத்த பொதுப்பெயர் அது. ஏறத்தாழ 90 இனங்கள்.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதில் ஒற்றுமை இல்லை. சிலர் மறிமான் என்கிறார்கள். எனக்கு இரலைதான் பிடிக்கும். 'இரலையும் கலையும் புல்வாய்க்கு உரிய' என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. புல்வாய் என்று அது குறிப்பது நம் வெளிமானை. அதன் ஆணுக்குரிய பெயரை உலகத்து இரலைகளுக்கெல்லாம் நீட்டுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் அடுத்த பதிலைப் படித்தால், ஐரோப்பியர்களும் அதே விலங்கை வைத்துத்தான் அதைச் செய்தார்கள் என்பது தெரியும்.

'ஆன்டிலோப்' என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

இல்லாத ஒரு விலங்கிலிருந்து. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் யூஸ்தாத்தியஸ் எழுதிய கிரேக்கத்தில் 'அந்தோலோப்ஸ்' என்ற வடிவம் கிடைக்கிறது. அதற்கு முன்னால் வேர் எதுவென்று யாரும் உறுதிப்படுத்தவில்லை. அங்கிருந்து லத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய், 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இடைக்கால ஐரோப்பாவின் விலங்குக் கதைச் சுவடிகளில் இது யூஃப்ரடீஸ் ஆற்றங்கரையில் வாழும் மூர்க்கமான பிராணி. ரம்பம் போன்ற கொம்பால் மரத்தையே அறுத்துத் தள்ளும். வேடன் கிட்டே நெருங்க முடியாது. ஆனால் ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு அருகில் இருக்கும் புதரோடு விளையாடப் போய், கொம்பு சிக்கிக்கொண்டு கத்தும். அப்போது வேடன் வந்து முடித்துவிடுவான். பாவத்தில் சிக்கும் மனிதனுக்கு உவமையாகப் பாதிரியார்கள் இதைச் சொன்னார்கள். பிரபுக் குடும்பங்களின் கேடயச் சின்னங்களிலும் இந்த ரம்பக் கொம்பன் உண்டு.

உண்மையான விலங்குகளுக்கு இந்தப் பெயர் ஒட்டியது பிறகுதான். 1758இல் ஸ்வீடன் இயற்கையியலர் லின்னேயஸ் நம் வெளிமானுக்கு 'காப்ரா செர்விகாப்ரா' என்று பெயரிட்டார். செர்விகாப்ரா என்றால் மான்-ஆடு. 1766இல் பல்லாஸ் என்ற ஜெர்மானிய இயற்கையியலர் ஆன்டிலோப் என்ற பேரினத்தை உருவாக்கினார். இன்று அந்தப் பேரினத்தில் மிச்சமிருக்கும் ஒரே இனம் வெளிமான்தான். கிண்டியிலும் வல்லநாட்டிலும், 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையிலும் மேய்ந்துகொண்டிருக்கும் விலங்குதான் அறிவியல் கணக்கில் அசல் 'ஆன்டிலோப்'. மரம் அறுக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

'டியர்' என்றால் மான். பழைய ஆங்கிலத்திலும் அதுதானா?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. (கடிதத்தில் எழுதும் 'டியர்' வேறு சொல். அதைக் கலக்க வேண்டாம்.)

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'டேயோர்'. பொருள்: விலங்கு, குறிப்பாகக் காட்டு விலங்கு. ஓநாயும் டேயோர், கரடியும் டேயோர். உறவு மொழிகளில் பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது: ஜெர்மனில் 'டீர்', டச்சில் 'டீர்', ஸ்வீடிஷில் 'யூர்', மூன்றுக்கும் விலங்கு என்றுதான் பொருள். ஆங்கிலம் மட்டும் சுருக்கிக்கொண்டது.

சுருங்கியதற்குக் காரணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த நெருக்கடி. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பிரெஞ்சு வழியாக 'பீஸ்ட்' வந்து விலங்கு என்ற பொதுப் பொருளில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு பக்கம், வேட்டைக்காரர்களுக்கு விலங்கு என்றாலே மான்தான். மன்னர் காட்டில் மானைத் தொட்டவனுக்குக் கொடுமையான தண்டனை கொடுத்த காலம் அது. பேச்சு முழுக்க மான், ஆகவே சொல்லும் மானிடமே தங்கிவிட்டது. பின்னாளில் 'பீஸ்ட்'டுக்கும் அதே கதி. லத்தீனிலிருந்து வந்த 'அனிமல்' அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் ஆங்கில பைபிளில் 'அனிமல்' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது, எல்லாம் 'பீஸ்ட்'தான்.

பழைய பொருள் ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் பைத்தியக்காரன் வேடம் போட்ட எட்கர், ஏழு ஆண்டுகளாகத் தன் உணவு சுண்டெலியும் எலியும் 'அதுபோன்ற சிறு டியர்'களும்தான் என்று புலம்புவான். இன்றைய பொருளில் படித்தால் எலிக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம் என்று விழிக்க வேண்டியதுதான். இன்னொரு எச்சம் 'வில்டர்னெஸ்'. வனாந்தரம் என்று நாம் மொழிபெயர்க்கும் இந்தச் சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும் 'டர்' அதே டேயோர்தான். காட்டு விலங்குகள் இருக்கும் இடம்.

இதைக் கேட்டு வியக்கும் தமிழர்கள் 'மிருகம்' என்ற சொல்லை நினைத்துப் பார்க்கலாம். வேதகாலச் சமஸ்கிருதத்தில் 'மிருக' என்றால் காட்டு விலங்கு. பிற்பாடு அந்த மொழியில் அது பெரும்பாலும் மானையே குறித்தது. தமிழுக்குக் கடன் வந்தபோது பொதுப் பொருளில் வந்து பொதுப் பொருளிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஜாதகத்தில் மிருகசீரிடம் என்றால் மான் தலை. மிருகத்தின் தலை என்று யாரும் சொல்வதில்லை. அந்த நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

'ஹார்ட்' என்பது இன்றைய ஆங்கிலத்தில் வழக்கில் உண்டா?

பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. இதயத்தைக் குறிக்கும் சொல்லும் இதுவும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பது அதற்கு உதவவில்லை. இரண்டுக்கும் உறவில்லை, பழைய ஆங்கிலத்திலேயே வேறு வேறு சொற்கள். வேட்டை மொழியில் 'ஹார்ட்' என்றால் ஐந்து வயதைத் தாண்டிய ஆண் செம்மான். இப்போது ஆண் மானுக்கு 'ஸ்டாக்' என்பதே பொதுவழக்கு.

ஆனால் பெயர்ப் பலகைகளில் கொடிகட்டிப் பறக்கிறது. ஹெர்ட்ஃபோர்ட் என்ற ஊர் 'மான்துறை', ஆற்றை மான்கள் கடக்கும் இடம். வடகிழக்குக் கடற்கரையில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுகப் பெயரின் முன்பாதி 'மான் தீவு'. இங்கிலாந்தில் 'ஒயிட் ஹார்ட்' என்ற பெயருள்ள மதுக்கடைகள் ஏராளம். வெள்ளை ஆண் மான் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சின்னம். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் வில்ட்டன் இரட்டைப் பலகை ஓவியத்தில் வானதூதர்கள்கூட அந்தச் சின்னத்தை அணிந்து நிற்கிறார்கள். கால்பந்து பார்ப்பவர்களுக்கு டாட்டனம் அணியின் பழைய மைதானம் ஒயிட் ஹார்ட் லேன் தெரிந்திருக்கும். அதே மான்தான்.

இலக்கியத்தில் இதற்கு இன்னும் பெரிய இடம். பழைய ஆங்கிலத்தின் பெருங்காவியமான பேயோவுல்ஃபில் டென்மார்க் மன்னன் ஹ்ரோத்கார் ஒரு மாளிகை கட்டுகிறான். விருந்தும் பரிசும் பாட்டுமாக இருக்கும் அந்த மாளிகைக்கு அவன் வைக்கும் பெயர் 'ஹெயோரோட்', ஆண் மான். அந்தப் பாட்டுச் சத்தம் பொறுக்காமல்தான் கிரெண்டல் என்ற அரக்கன் இரவில் வந்து வீரர்களைத் தின்னத் தொடங்குகிறான். 3182 அடிகள் கொண்ட அந்தக் காவியத்துக்கு ஒரே ஒரு ஏட்டுப் பிரதி உண்டு, ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதியது. 1731இல் லண்டனில் ஒரு தீ விபத்தில் ஓரம் கருகித் தப்பியது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

வேரைத் தேடிப் போனால் 'ஹார்ட்' என்பதற்குக் 'கொம்புள்ளது' என்று பொருள் கொள்கிறார்கள். ஆங்கில 'ஹார்ன்', லத்தீனில் மானைக் குறிக்கும் 'செர்வஸ்', சமஸ்கிருத 'சிருங்கம்' எல்லாம் ஒரே வேர்க்குடும்பம். மான்கொம்பு முளைத்த ரிஷ்யசிருங்க முனிவரும் இந்த வகையில் ஹார்ட்டபீஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

'பக்', 'டோ', 'ரோ' போன்றவை?

மூன்றும் பழையவை. 'டோ' என்றால் பெண் மான். 'பக்' என்பதில் இரண்டு பழைய சொற்கள் கலந்திருக்கின்றன. ஒன்று ஆண் வெள்ளாடு, மற்றது ஆண் மான். டச்சில் 'போக்' என்றால் வெள்ளாட்டுக் கிடாய். தென்னாப்பிரிக்காவில் அதையே இரலைகளுக்கு நீட்டினார்கள். ஸ்ப்ரிங்போக் என்பது துள்ளும் கிடாய், ஸ்டீன்போக் என்பது கல் கிடாய்.

'ரோ' என்பது ஐரோப்பாவின் சின்ன மான். கேப் பகுதியில் அதை நினைவூட்டிய ஓர் இரலைக்கு 'ரேபோக்' என்று பெயர் வந்தது. இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஓட்டப்பந்தயக் காலணி செய்த ஃபாஸ்டர் சகோதரர்கள் அந்தப் பெயரைத்தான் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ரீபோக் என்று அச்சிட்ட காலணியைப் போட்டிருப்பவர் காலில் இருப்பது ஓர் இரலை.

மற்ற ஆப்பிரிக்க இரலைப் பெயர்களும் டச்சுதானா?

நிறைய. வில்டபீஸ்ட் என்பது 'காட்டு விலங்கு'. டைக்கர் என்பது 'முங்குகிறவன்'. ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் தலைகுப்புறப் பாய்வதால். கிளிப்ஸ்ப்ரிங்கர் 'பாறை தாவி'. இந்தப் பெயர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பார்த்ததைச் சொன்னார்கள்.

ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டியவைதான் வேடிக்கை. ஈலாண்ட் என்றால் டச்சில் எல்க், அதாவது வட ஐரோப்பாவின் பனிக்காட்டு மான். ஆப்பிரிக்க வெயிலில் நிற்கும் மாடு போன்ற இரலைக்கு அதை வைத்தார்கள். கெம்ஸ்போக் என்ற பெயர் ஆல்ப்ஸ் மலையின் ஷாம்வா என்ற ஆட்டினத்திலிருந்து வந்தது. ஆங்கிலேயர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. அமெரிக்காவுக்குப் போனவர்கள் வேறொரு பெரிய மானைப் பார்த்து எல்க் என்றார்கள். அசல் எல்க்கும் அங்கே இருந்தது. அதற்கு அல்கோன்கியப் பூர்வகுடி மொழியிலிருந்து 'மூஸ்' என்ற பெயரைக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. இன்றுவரை பிரிட்டனில் எல்க் என்றால் ஒரு விலங்கு, அமெரிக்காவில் இன்னொன்று.

உள்ளூர் மக்களிடம் கேட்டு வைத்த பெயர்களும் உண்டு. இம்பாலா ஜூலு மொழிச் சொல். கூடு, நூ இரண்டும் கொய்கொய் மக்களிடமிருந்து டச்சு வழியாக வந்தவை. டிக்-டிக் என்பது அந்தக் குட்டி இரலை பயந்தால் போடும் சத்தம்.

இந்தியாவின் நீல்காய்க்கு 'நீலப் பசு' என்று பொருள். அதன் அறிவியல் பெயர் போசெலாஃபஸ் டிராகோகமெலஸ். பிரித்தால் மாடு-மான் ஆடு-ஒட்டகம். பெயர் வைத்தவர்கள் அன்று நான்கு விலங்குகளைக் கூப்பிட்டும் திருப்தி அடையவில்லை.

பழைய ஆங்கிலம் என்றால் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம்தானே?

பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் எண்ணம் இது. 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியர் எழுதியது நவீன ஆங்கிலத்தின் முதல் கட்டம். அவருக்கு முன்னால், 1400இல் இறந்த சாசர் எழுதியது இடைக்கால ஆங்கிலம். பழைய ஆங்கிலம் அதற்கும் முந்தியது. 5ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனி, டென்மார்க் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஆங்கில், சாக்சன் இனத்தார் பேசியது. ஏறத்தாழ 1100 வரை நீடித்தது.

எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு வரி: 'ஃபேடர் ஊரே, தூ தே எயர்ட் ஆன் ஹெயோவனும்'. பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்ற கிறிஸ்தவ ஜெபத்தின் தொடக்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் புரியும். சங்கத் தமிழைப் படிக்கும் இன்றைய தமிழர் இதைவிட அதிர்ஷ்டசாலி. சொல் தெரியாவிட்டாலும் இலக்கணம் கைகொடுக்கும். பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள், பால் பாகுபாடு, வினை விகுதிகள் எல்லாம் வேறு. ஓர் ஆங்கிலேயர் அதை அயல்மொழியைப் போலத்தான் கற்க வேண்டும்.

எழுத்துகளும் சில வேறு. 'த்' ஒலிக்கு 'தோர்ன்' என்ற தனியெழுத்து இருந்தது. பிற்கால எழுத்துமுறையில் அது 'ஒய்' எழுத்தைப்போல் ஆகிவிட்டது. பழமை காட்டுவதற்காகக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று எழுதுகிறார்களே, அந்த 'யீ' உண்மையில் சாதாரண 'தி'தான். அந்தக் காலத்தில் யாரும் அதை 'யீ' என்று உச்சரித்ததில்லை.

'லார்ட்' என்ற சொல்லுக்கும் ரொட்டிக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, இன்றைய 'லோஃப்'. அதோடு 'காவலன்' என்று பொருள்படும் 'வெயர்ட்' சேர்ந்து 'ஹ்லாஃப்வெயர்ட்', ரொட்டிக் காவலன். அது தேய்ந்து 'ஹ்லாவோர்ட்' ஆகி, கடைசியில் 'லார்ட்' ஆனது. 'லேடி'யும் அதே ரொட்டிதான்: 'ஹ்லேவ்டியே', ரொட்டிக்கு மாவு பிசைகிறவள். அந்த வீட்டை அண்டி வாழ்ந்தவனுக்கு 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்பவன், என்று பெயர். கென்ட் நாட்டு மன்னன் எதெல்பெர்ட்டின் சட்டத் தொகுப்பில் இந்தச் சொல் இருக்கிறது.

'எனக்குப் படியளக்கிறவர்' என்று எஜமானைச் சொன்ன தலைமுறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே நெல், அங்கே ரொட்டி. பிரிட்டிஷ் மேலவையில் உட்கார்ந்திருப்பவர்கள் சொற்கணக்கில் ரொட்டிக் காவலர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

'மேன்' என்பது ஆணை மட்டும் குறித்ததா?

இல்லை. 'மன்' என்றால் ஆள், மனிதர். ஆண் பெண் இருவருக்கும் பொது. ஆணுக்கு 'வெர்', பெண்ணுக்கு 'வீஃப்'. இரண்டாவது இன்று மனைவியை மட்டும் குறிக்கும் 'வைஃப்'. 'வீஃப்மன்' என்ற கூட்டுச்சொல்தான் தேய்ந்து 'வுமன்' ஆனது. ஆணைக் குறித்த 'வெர்' ஒழிந்துபோய், பேய்ப்படங்களில் மட்டும் உயிரோடு இருக்கிறது: 'வேர்வுல்ஃப்', மனித ஓநாய்.

பொருள் மாறிய வேறு சொற்கள்?

பட்டியல் நீளம். 'மீட்' என்றால் எந்த உணவும். அதனால்தான் மிட்டாய்க்கு 'ஸ்வீட்மீட்' என்ற பெயர். சைவர்கள் பயப்பட வேண்டாம். 'ஃபவுல்' எந்தப் பறவைக்கும், 'ஹவுண்ட்' எந்த நாய்க்கும் பெயர். பிறகு முதலாவது கோழியிடமும் இரண்டாவது வேட்டைநாயிடமும் ஒதுங்கின. டேயோருக்கு நடந்த அதே கதை. இன்று புழு என்று பொருள்படும் 'வோர்ம்' அன்று பாம்பையும் டிராகனையும் குறித்தது. 'நைட்' என்ற குதிரைவீரப் பட்டம் வெறும் பையன் என்ற பொருளில் தொடங்கியது. 'ஸ்டார்வ்' என்றால் சாவது, எதனால் வேண்டுமானாலும். பட்டினி பிறகு வந்தது. வட இங்கிலாந்து வழக்கில் குளிரில் விறைப்பதற்கும் அதே சொல்.

'சில்லி'யைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மூலமான 'சேலிய்' என்பதற்குப் பாக்கியம் பெற்றவன் என்று பொருள். ஜெர்மன் 'சேலிக்' இன்னும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பாக்கியவான் மாசற்றவன் ஆனான், மாசற்றவன் இரங்கத்தக்கவன் ஆனான், அவன் பலவீனன், கடைசியில் அசடு. தமிழில் இதற்கு 'நாற்றம்' என்ற உதாரணத்தை எல்லோரும் சொல்லி அலுத்துவிட்டது. 'வெகுளி'யைப் பாருங்கள்: திருக்குறளில் கடுங்கோபம், இன்று சூதுவாது தெரியாத ஆள். 'சில்லி' போன பாதைக்கு நேர் எதிர்ப்பாதையில் வந்து கிட்டத்தட்ட அதே வீட்டு வாசலில் நிற்கிறது.

மாடு உயிரோடு இருந்தால் ஆங்கிலச் சொல், தட்டுக்கு வந்தால் பிரெஞ்சுச் சொல் என்கிறார்களே, உண்மையா?

பாதி. 'கவ்', 'ஷீப்', 'டியர்' பழைய ஆங்கிலம். 'பீஃப்', 'மட்டன்', 'வெனிசன்' பிரெஞ்சு. மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன் என்ற விளக்கத்தைப் பரப்பியது 1819இன் கடைசியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ நாவல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல நூற்றாண்டுகள் 'மட்டன்' உயிருள்ள ஆட்டையும் 'பீஃப்' உயிருள்ள மாட்டையும் குறித்திருக்கின்றன. இன்றிருக்கும் கறாரான பிரிவு மிகப் பிந்தியது. 'வெனிசன்' என்பதற்கும் முதலில் மானிறைச்சி என்று பொருளில்லை. வேட்டையாடுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த அது, வேட்டையில் கிடைத்த எந்த இறைச்சிக்கும் பெயர். மானிடம் வந்து ஒடுங்கும் வழக்கம் ஆங்கிலத்துக்கு விடவில்லை போலும்.

சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் பழைய துண்டுகள் வேறு என்ன?

பூண்டுக்கு ஆங்கிலப் பெயர் 'கார்லிக்'. பழைய ஆங்கிலத்தில் 'கார்' என்றால் ஈட்டி, 'லேயக்' என்றால் வெங்காயக் குடும்பத்துச் செடி. ஈட்டிமுனை போன்ற பற்களால் அந்தப் பெயர். 'டெய்சி' பூ 'பகலின் கண்'. காலையில் விரிந்து மாலையில் மூடிக்கொள்வதால். 'நாஸ்ட்ரில்' மூக்குத் துளை என்று சொல்லுக்குச் சொல் நேராகவே இருக்கும். களஞ்சியத்தைக் குறிக்கும் 'பார்ன்' ஒரு பார்லி வீடு. 'நைட்மேர்' சொல்லில் இருக்கும் 'மேர்' பெண் குதிரை அல்ல. தூங்குபவன் நெஞ்சில் ஏறி அமுக்கும் பேய். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள்.

ரெய்ன்டியர் என்ற பெயர் கடிவாளத்திலிருந்து வந்ததா?

வண்டி இழுக்கும் மான், கடிவாளத்துக்கு ஆங்கிலத்தில் 'ரெய்ன்', ஆகவே ரெய்ன்டியர் என்று விளக்குவார்கள். தவறு. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் அந்த விலங்கின் பெயரே 'ஹ்ரெய்ன்'. பின்னால் ஒட்டியது 'ட்யூர்', விலங்கு. நம் டேயோரின் நார்ஸ் வடிவம். இதுவும் ஹார்ட்டபீஸ்டைப் போலவே ஒரு 'மிருகம்' ஒட்டிய பெயர்.

இதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில் நார்வேயின் வடகோடியிலிருந்து ஓத்தெரே என்ற கடலோடி இங்கிலாந்து மன்னர் ஆல்ஃப்ரெடிடம் வந்து தன் ஊரைப் பற்றிச் சொன்னார். அதைப் பழைய ஆங்கிலத்திலேயே எழுதி வைத்தார்கள். தன்னிடம் விற்காமல் வைத்திருக்கும் பழக்கிய டேயோர்கள் 600 உண்டு என்றும், அந்த டேயோர்களை அங்கே 'ஹ்ரானஸ்' என்பார்கள் என்றும் அதில் இருக்கிறது. அவற்றில் ஆறு, காட்டு ரெய்ன்டியரை ஏமாற்றிப் பிடிக்கப் பழக்கிய பார்வை விலங்குகள். அந்த வடகோடியின் பூர்வகுடிகளான சாமி மக்களிடையே அவற்றுக்குத்தான் மிகுந்த மதிப்பு. அந்த வரியில் டேயோரை 'மான்' என்று மொழிபெயர்ப்பதா 'விலங்கு' என்பதா என்று கேட்டால் நான் 'விலங்கு' என்பேன். ஏனென்றால் எழுதியவர் அடுத்த மூச்சிலேயே, எந்த விலங்கு என்பதற்கு அயல்நாட்டுப் பெயரைச் சொல்லி விளக்குகிறார். டேயோர் என்றாலே மான் என்று கேட்பவருக்குப் புரிந்திருந்தால் அந்த விளக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்படிச் சொற்களை நானே தேடிப் பார்க்க முடியுமா?

முடியும். பழைய ஆங்கிலத்துக்கு 1898இல் வெளிவந்த பாஸ்வொர்த்-டாலர் அகராதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பின்னிணைப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய ஏடுகளிலிருந்து வரி எடுத்துக் காட்டும், அதுதான் முக்கியம். ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி யாராவது சுவையான கதை சொன்னால், அந்தப் பொருளில் அந்தச் சொல் வரும் பழைய வரி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடிவாளக் கதை அந்தச் சோதனையில் முதல் நிமிடமே விழுந்துவிடும். ரொட்டிக் கதை நிற்கும்.